கையால் நிரப்பும் தோட்டா: சிதறலைக் குறைத்தது எது, குறைக்காதது எது

ரைஃபிள் தோட்டாவைச் சொந்தமாக நிரப்புகிறவர்களுக்கு ஒரு கட்டம் தவறாமல் வரும். தோட்டா ஒழுங்காக வெடிக்கிறது, இலக்கிலும் விழுகிறது. ஆனால் போன வாரம் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டைக்குள் போட்ட அதே லோடு, அதாவது பவுடர், குண்டு, பித்தளைக் கூடு ஆகியவற்றின் அதே சேர்மானம், இந்த வாரம் காலை வாரிவிடும். உடனே மனசு புதுக் கருவிகளைத் தேடிப் போகும். இன்னும் நுணுக்கமான தராசு, சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் டை இன்னொன்று, குண்டுகளைத் தரம் பிரிக்க ஒரு மானி என்று மேஜை நிரம்பிக்கொண்டே இருக்கும். என் மேஜையும் அப்படித்தான் நிரம்பியது. நெடுந்தூரப் போட்டிகளுக்காகப் பல வருடம் நிரப்பிய பிறகு, அதில் பாதியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். எந்தப் பாதி, ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். தோட்டா நிரப்ப அனுமதி உண்டா, என்ன உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். எத்தனை கிரெய்ன் (ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 0.065 கிராம்) பவுடர் போட வேண்டும் என்ற கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. பவுடர், குண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் அட்டவணையில் அது இருக்கிறது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக. அடுத்தவர் துப்பாக்கியில் நன்றாக ஓடிய லோடு உங்கள் துப்பாக்கியில் அழுத்த வரம்பைத் தாண்டிப் போகலாம்.

சரி, சிதறலுக்கு வருவோம். இலக்குத் தாளில் தெரிவதும் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் தெரிவதும் ஒன்றல்ல. .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவில் 175 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 அடி கூடினாலும் குறைந்தாலும் 100 மீட்டரில் வரும் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே 10 அடி வித்தியாசம் 1,000 கஜத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். ஆகவே 100 மீட்டரில் அழகான குரூப் (குண்டுகள் நெருங்கி விழும் கூட்டம்) போடும் லோடு நெடுந்தூரத்தில் மேலும் கீழுமாகச் சிதறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மறுபக்கமும் உண்டு. துப்பாக்கியை மேஜையில் தாங்கலாக வைத்துச் சுடும் 100, 200 கஜ பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் பலர் காலங்காலமாகப் பவுடரை எடை போடாமல், அளவையிலிருந்து நேராகக் கொட்டித்தான் நிரப்பி வந்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சுடுதலிலேயே மிகச் சிறிய குரூப்புகள் வருவது அந்தப் போட்டிகளில்தான். எந்தத் தூரத்துக்கு நிரப்புகிறோம் என்று முதலில் முடிவு செய்யாதவர், தேவையில்லாத இடத்தில் உழைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்து, அளப்பது. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது: ஐந்து குண்டு சுட்டு எடுத்த எஸ்டி, அதாவது வேகத்தின் திட்ட விலக்கம், ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. ஐந்து குண்டில் எஸ்டி 6 என்று திரை காட்டினால், உண்மையான மதிப்பு மூன்றரைக்குச் சற்று மேலிருந்து 17 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். அதுவும் 95 சதவீத நம்பிக்கையோடு மட்டுமே. 30 குண்டு சுட்டால் அந்த எல்லை ஏறக்குறைய 5-க்கும் 8-க்கும் நடுவே சுருங்குகிறது. குரூப் அளவும் இதே கதைதான். மூன்று குண்டில் கிடைக்கும் குரூப், அதே லோடை 10 குண்டாகச் சுட்டால் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். லோடு கெட்டுப்போகவில்லை, முதலிலிருந்தே அதன் அளவு அதுதான். ஒரு லோடுக்கு மூன்று மூன்றாகச் சுட்டு, பவுடர் அளவை ஏற்றிக்கொண்டே போய், "இந்த இடத்தில் வேகம் ஒரே மட்டத்தில் நிற்கிறது" என்று கண்டுபிடிக்கும் 'நோடு'களில் பெரும்பாலானவை மறுநாள் சுட்டால் காணாமல் போகும். இஎஸ், அதாவது அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம், இன்னும் மோசம். குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அது வளர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து குண்டின் இஎஸ்ஸை இருபது குண்டின் இஎஸ்ஸோடு ஒப்பிடுகிறவரோடு வாதாடிப் பயனில்லை.

இன்னொரு கணக்கு எனக்கு நிறைய நேரத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தது. ஒன்றையொன்று சாராத சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன. கழுத்துப் பிடிப்பினால், அதாவது கூட்டின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் பலத்தினால், வேகத்தில் வரும் சிதறல் 8 அடி, பவுடர் எடையினால் வருவது 3 அடி என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 11 ஆகாது, எட்டரை ஆகும். மூன்றை முழுக்க ஒழித்தாலும் எட்டரை எட்டாக இறங்கும், அவ்வளவுதான். எட்டைப் பாதியாக்கினால் மொத்தமே ஐந்துக்கு வந்துவிடும். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைத் துரத்தினால் இலக்கில் எதுவும் மாறாது. பவுடரை ஒவ்வொரு துகளாக எண்ணிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் ஞாபகத்துக்கு வரும்.

என் அனுபவத்தில் பெரியது எப்போதும் பித்தளையில்தான் இருந்தது. குறிப்பாகக் கழுத்தில்.

கேஸ், அதாவது தோட்டாவின் கூடு, செய்யும் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது கழுத்து விரிகிறது, டைக்குள் போகும்போது சுருங்குகிறது, உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் ஏறும்போது மறுபடி விரிகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகிப்போவது போல, ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து இறுகுகிறது. இறுகிய பித்தளை டையை விட்டு வெளியே வந்ததும் கொஞ்சம் பின்வாங்கும். இளகிய பித்தளை அவ்வளவு வாங்காது. ஒரே டை, அதற்குள் கழுத்தைச் சுருக்கும் வளையமான புஷிங்கும் ஒன்றே, ஆனால் இரண்டு முறை சுட்ட கேஸும் ஏழு முறை சுட்ட கேஸும் வேறு வேறு உள்விட்டத்தோடு வெளியே வரும். குண்டைப் பிடித்திருக்கும் பலம் மாறினால், பவுடர் எரியத் தொடங்கும் அந்த முதல் நொடித் துணுக்கில் அழுத்தம் ஏறும் விதமும் மாறுகிறது.

ஆகவே முதல் ஒழுங்கு, கேஸ்களைக் கலக்காமல் இருப்பது. ஒரே தயாரிப்பு, ஒரே லாட் (உற்பத்தித் தொகுதி), ஒரே எண்ணிக்கை முறை சுட்டவை ஒரு பெட்டியில். பெட்டியின் மூடியில் எத்தனை முறை சுட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. செலவே இல்லாத இந்த வேலையில் கிடைத்த லாபம், விலை கொடுத்து வாங்கிய பல கருவிகளில் கிடைக்கவில்லை.

இரண்டாவது, அனீலிங். கழுத்தையும், கழுத்துக்குக் கீழே கேஸ் சரியும் தோளையும் மட்டும் சூடாக்கி இறுக்கத்தைப் போக்குவது. தீயில் வைத்து, அரையிருட்டில் கழுத்து மங்கலாகச் சிவக்கத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். சில வினாடி வேலை. தண்ணீரில் போடுவது பித்தளையை இளக்குவதற்காக அல்ல. சூடு கீழே இறங்காமல் தடுக்க மட்டும்தான், போடாவிட்டாலும் கழுத்து இளகும். இதில் விளையாடக் கூடாத இடம் கேஸின் அடிப்பகுதி. அடிப்பகுதி இளகினால் அது அழுத்தத்தைத் தாங்காது, சுடுகிறவர் முகத்துக்கு நேரே வாயு பீறிடும். வெப்பநிலையைக் காட்டும் பூச்சைக் கேஸின் உடலில் ஒரு கோடு தடவிப் பார்த்து, சூடு எதுவரை இறங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே ஒரு முழுத் தொகுதியைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அனீல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மூன்று முறைக்கு ஒரு தடவை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எது வேண்டுமானாலும் சரி, தொகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். பாதிக்குச் செய்து பாதியை விட்டால், செய்யாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவது, கழுத்தின் உள்பக்கம். இதில்தான் எனக்கு உண்மையான ஆச்சரியம். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டிக் கழுவினால் கேஸ் நகைபோல் மின்னும். ஆனால் கழுத்துக்குள் இருந்த கரிப்படலமும் அதோடு போய்விடும். வெறும் பித்தளை மேல் செம்புக் குண்டு ஏறும்போது கைப்பிடியில் அது தெரியும்: ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், அடுத்தது நறநறவென்று உரசிக்கொண்டு இறங்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் குண்டும் கழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இப்போது நான் உலர் தூளில்தான் உருட்டுகிறேன். நைலான் தூரிகையைக் கழுத்துக்குள் இரண்டு இழுப்பு விடுகிறேன், கரியை முழுக்கச் சுரண்டுவதில்லை. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் கழுத்துக்குள் கொஞ்சம் உலர் கிராஃபைட் தொட்டுக்கொள்ளலாம்.

குண்டை இறக்கும்போது கை சொல்வதைக் கேட்கப் பழகுவது நல்லது. கடினமாக இறங்கியதையும் லேசாக இறங்கியதையும் தனியாக எடுத்து வைத்து, துப்பாக்கியை நிலைப்படுத்தவும் குழாயைச் சூடேற்றவும் அவற்றைச் செலவழிப்பேன். இறக்கும் அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் பிரஸ்களும் (டையை மாட்டி நெம்பும் கருவிகள்) இருக்கின்றன. எனக்குக் கையே போதுமானதாக இருக்கிறது.

கழுத்துப் பிடிப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் 0.002 அங்குலம் குறைவாக இருந்தால், கையால் இழுத்து மூடும் போல்ட் ரைஃபிளில் பெரும்பாலும் போதும். தானியங்கியாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு வேண்டும், இல்லையென்றால் ஏறும் வேகத்தில் குண்டு உள்ளே போய்விடலாம். சாதாரண டையில் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை, சுருங்கிய கழுத்தை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. உள்பக்கம் எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் கழுத்தையே கோணலாக்கி, தோளையும் மேலே இழுத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, தனியாக ஒரு மேன்ட்ரலை (வழவழப்பான உருளைத் தண்டை) மேலிருந்து கீழாக விடுவது எனக்கு ஒத்துப்போனது. கடைசியாகத் தொடுவது உள்பக்கம் என்பதால், கழுத்துச் சுவரின் கனம் மாறினாலும் அந்த ஏற்றத்தாழ்வு வெளிப்பக்கம் போய்விடுகிறது, குண்டைப் பிடிக்கும் உள்விட்டம் ஒரே மாதிரி நிற்கிறது.

தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுவது என்பது துல்லியத்தோடு பாதுகாப்பும் கலந்த விஷயம். போல்ட் ரைஃபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம் போதும். "மேலே ஏற்றிய ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் பகுதி) முட்டும் வரை டையை இறக்கி, இன்னும் கால் சுற்று திருப்பு" என்று டையோடு வரும் தாள் சொல்லும். அந்தத் தாளுக்கு உங்கள் துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, தெரியாது. அதன்படி போனால் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போகும், ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் அடிப்பக்கத்துக்கு மேலே நீண்டு மெலியும், கடைசியில் அங்கேயே இரண்டாகப் பிரியும். நுனியை வளைத்த மெல்லிய கம்பி ஒன்றைக் கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் நுனி தட்டினால் அந்தக் கேஸின் காலம் முடிந்தது. வெளியே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படித்தான்.

சேம்பரின் நீளத்தைக் கண்டுபிடிக்கும்போது, சுட்ட கேஸின் பிரைமரை (அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு கிண்ணத்தை) கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பிரைமர் லேசாகப் பிதுங்கியிருந்தால் அளவு ஏமாற்றும். ஒரு முறை மட்டும் சுட்ட கேஸ் சேம்பரை முழுக்க நிரப்பியிருக்காது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை போன பிறகுதான் அது நம்பகமான அளவு. நான் நம்புவது இன்னொரு வழியை: போல்ட்டிலிருந்து சுடுமுள்ளையும், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, பவுடரோ பிரைமரோ இல்லாத வெறும் கேஸைப் போட்டு மூடிப் பார்ப்பது. கைப்பிடி தன் எடையிலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் டையை இம்மியளவு இறக்கி மறுபடி ஒரு தடவை. விழத் தொடங்கும் இடம்தான் உங்கள் சேம்பர். அங்கிருந்து தோளை இன்னும் 0.001 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் வேலை முடிந்தது.

அதே டை, அதே பூட்டு நிலை, ஆனாலும் தோளின் அளவு ஒரு கேஸுக்கும் அடுத்ததுக்கும் மாறுகிறதா? பத்தில் ஒன்பது முறை, டைக்குள் போகுமுன் கேஸில் தடவும் மசகு சீராகப் பட்டிருக்காது. ஒன்றில் வழவழவென்று, அடுத்ததில் காய்ந்து. அதிகம் பட்டால் தோளில் குழி விழும், குறைந்தால் கேஸ் டைக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கிய கேஸை எடுப்பதுபோல் பொறுமையைச் சோதிக்கும் வேலை இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை. ஸ்பிரே மசகாக இருந்தால் கரைப்பான் ஆவியாகும் வரை காத்திருங்கள். பிரஸ்ஸின் கைப்பிடியை அடிவரை இறக்கி, அங்கேயே இரண்டு மூன்று வினாடி பிடித்தால் அளவு இன்னும் சீராக வரும்.

நீளம் வெட்டுவதிலும் வாயை உள்ளும் வெளியும் மழுக்குவதிலும் பேச அதிகம் இல்லை. வரம்புக்குள் இருக்கட்டும், எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கட்டும். .308-க்கு அதிகபட்சம் 2.015 அங்குலம், 2.005-க்கு வெட்டுவது வழக்கம்.

குண்டை இறக்கும் ஆழத்துக்கு வருகிறேன். போட்டிக் குண்டுகளின் முனை திறந்திருக்கும். தயாரிப்பில் அந்த முனை ஒன்றுபோல் வருவதில்லை. முனையிலிருந்து அடிவரை காலிப்பரில் அளந்தால் ஐந்து தோட்டாவுக்கு ஐந்து எண் வரும். ஆனால் அந்த வேறுபாடு குழாயின் வரிகளை (உள்ளே வெட்டிய சுருள் வரிகளை) குண்டு தொடும் இடத்தில் இருக்காது. அதனால் அளக்க வேண்டியது அடியிலிருந்து வளைவுவரை, காலிப்பரில் மாட்டி, குண்டின் வளைவில் உட்காரும் துளையுள்ள கம்பேரட்டரைக் கொண்டு. அந்த எண் உங்கள் கம்பேரட்டருக்கு மட்டுமே சொந்தம். வேறொருவர் தன்னுடையதில் அளந்து சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. காலிப்பரை அழுத்தும் பலம் மாறினாலும் எண் மாறும், அதனால் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி மெல்ல அழுத்திப் பழக வேண்டும்.

நீண்டு கூர்மையான விஎல்டி (காற்றுத் தடை மிகக் குறைந்த) வகைக் குண்டானால் இன்னொன்றையும் பாருங்கள். இறக்கும் டைக்குள் இருக்கும் தண்டின் குழிவு ஆழம் போதாமல், குண்டின் முனை உள்ளே முட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது தண்டு வளைவைப் பிடிக்காமல் முனையைப் பிடித்துத் தள்ளும், முனையின் எல்லா ஏற்றத்தாழ்வும் அப்படியே ஆழத்தில் வந்துவிடும். குண்டின் முனையில் கறுப்பு மையைத் தடவி ஒரு முறை இறக்கிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். வரிகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு எல்லாக் குண்டுக்கும் பொருந்தும் விடை இல்லை. 0.020 அங்குலத்தில் தொடங்கி, உள்பக்கமாகச் சில படிகள் போய்ப் பார்ப்பேன். வரிகளில் முட்டும்படி வைத்தால் அழுத்தம் கூடும் என்பதால், பவுடர் அளவைக் குறைத்து மறுபடி கீழிருந்துதான் ஏற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் தராசு. .308 போன்ற கேஸில் 0.1 கிரெய்ன் பவுடர் கூடினால் வேகம் ஏறக்குறைய 5 அடி கூடும். 0.1 கிரெய்ன் வரை நம்பக்கூடிய தராசு இருந்தாலே பவுடர் எடையினால் வரும் சிதறல் சின்னதாகிவிடுகிறது. நீளத்துகள் பவுடரில் ஒரு துகளின் எடையே 0.02 கிரெய்னுக்குப் பக்கம். அந்த ஒரு துகள் இலக்கில் எதையும் செய்யாது. பிரச்சினை தராசின் நுணுக்கத்தில் இல்லை, அது மெல்ல மெல்ல நகர்ந்து போவதில். மலிவான மின்தராசுகள் இதில் பெயர் பெற்றவை. போட்டு அரைமணி நேரம் சூடாக விட வேண்டும், மேஜை மட்டமாக இருக்க வேண்டும், விசிறிக் காற்று படக் கூடாது, கைப்பேசியைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நகர்வைப் பிடிக்க ஒரு சுலபமான வழி: தட்டை எடுத்ததும் திரையில் தட்டின் எடை கழித்தல் குறியோடு நிற்கும். அந்த எண்ணைத் தராசின் மேல் ஒட்டிவைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கும்போதும் ஒரு பார்வை. எண் மாறியிருந்தால் அதுவரை போட்ட கடைசிச் சிலவற்றை மறுபடி எடை போட வேண்டியதுதான்.

இன்னொரு தந்திரம் இந்தத் தராசுகளுக்கு உண்டு. துகள் துகளாக மெதுவாகப் போட்டால் சில தராசுகள் அந்த மாற்றத்தைத் தங்கள் நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும். எண் அப்படியே நிற்கும், தட்டில் பவுடர் ஏறிக்கொண்டிருக்கும். தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால் சட்டென்று உண்மை தெரியும். நகர்வே இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் காந்த விசையால் சமன் செய்யும் ஆய்வகத் தராசுக்குப் போகலாம். அல்லது பழைய சமன்கோல் தராசுக்குத் திரும்பலாம். மெதுவானது, ஆனால் பொய் சொல்லாது.

எடையைவிடப் பவுடரின் நிலை எனக்கு முக்கியமாகப் பட்டது. பவுடர் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடவும் செய்யும். உலர்ந்த காற்றில் திறந்து கிடந்தால் வேகமாக எரியும், ஈரத்தில் கிடந்தால் மந்தமாகும். அளவையின் புனலில் இரவு முழுக்க விட்ட பவுடரும் டப்பாவிலிருந்து இப்போது எடுத்த பவுடரும் எடையில் ஒன்றாக இருந்தாலும் எரிவதில் ஒன்றாக இருக்காது. வேலை முடிந்ததும் அதன் சொந்த டப்பாவுக்குத் திருப்பிக் கொட்டி மூடிவிட வேண்டும். புனலில் கிடப்பது எந்தப் பவுடர் என்ற குழப்பமும் அதோடு ஒழியும். தவறான பவுடர் என்பது துல்லியப் பிரச்சினை அல்ல, துப்பாக்கியே வெடித்துச் சிதறும் பிரச்சினை.

மேஜை மேல் ஒரே நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான். பவுடர் போட்ட கேஸ்கள் எல்லாம் தட்டில் நிற்கும்போது, ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்து எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் குண்டைத் தொடுவேன். பேச்சுத் துணை, தொலைக்காட்சி எதுவும் அந்த நேரத்தில் கிடையாது. கண்ணாடி கண்ணில் இருக்கும்.

பிரைமர் பற்றிச் சுருக்கமாக. கேஸின் அடியில் அதற்கான பள்ளத்துக்குள் அதன் கால்கள் நன்றாக உட்கார வேண்டும், கேஸின் அடி மட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே. துருத்திக்கொண்டு நின்றால் சுடுமுள்ளின் முதல் அடியின் பலம் பிரைமரை உட்கார வைப்பதிலேயே போய்விடும். தானியங்கித் துப்பாக்கியில் போல்ட் மூடும்போதே வெடிக்கும் ஆபத்தும் உண்டு. கையில் பிடித்து அழுத்தும் கருவியில் அந்த உணர்வு நன்றாகத் தெரியும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் பள்ளம் தளர்ந்துவிட்டது, கேஸை எறிந்துவிடுங்கள். பிரைமரின் வகையையோ தயாரிப்பையோ மாற்றினால் வேகமும் அழுத்தமும் மாறும். லோடைக் கீழிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

இனி அலமாரிக்குப் போனவை. கேஸ்களை எடை போட்டுத் தரம் பிரிப்பதை விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது கேஸின் உள்கொள்ளளவு. ஆனால் எடை வித்தியாசத்தில் கணிசமான பங்கு அடியின் விளிம்பிலும் பள்ளத்திலும் கடைசல் பிடித்த இடத்தில் இருக்கிறது. எடை வேறாகி உள்ளிடம் ஒன்றாகவும் இருக்கலாம். நல்ல தயாரிப்பின் ஒரே லாட்டை வாங்குவது அந்த வேலையைச் செய்துவிடுகிறது. குண்டுகளின் எடையைப் பிரிப்பதும் போயிற்று; நல்ல போட்டிக் குண்டுகளில் பிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தோட்டாவின் கோணலை அளக்கும் மானியை வருடத்துக்குச் சில தடவை மட்டும் எடுப்பேன், டையை மாற்றும்போதோ புதிதாக அமைக்கும்போதோ. டை சரியாக இருந்தால் தோட்டாக்கள் நேராகத்தான் வரும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்ப்பது மனநிம்மதிக்கு நல்லது, வேறெதற்கும் இல்லை. கழுத்துச் சுவரைக் கடைந்து ஒரே கனமாக்குவது இறுக்கமான சேம்பர் வெட்டிய துப்பாக்கிக்குக் கட்டாயம், மற்றவர்களுக்கு வீண் வேலை.

மேஜையில் செய்ததையெல்லாம் களத்தில் கெடுத்துக்கொள்வதும் நடக்கும். இரண்டு லோடுகளை ஒப்பிடும்போது முதலில் இது பத்து, பிறகு அது பத்து என்று சுடாதீர்கள். இரண்டாவது பத்து வரும்போது குழாய் சூடாகியிருக்கும், காற்று திரும்பியிருக்கும், உங்கள் தோள் களைத்திருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி மாற்றிச் சுட்டால் அந்தக் கெடுதல் இரண்டுக்கும் சமமாகப் பங்காகும். குழாயின் முனையில் தொங்கவிடும் காந்த வகைக் குரோனோகிராஃப் மாட்டியிருக்கும்போது குரூப்பை அளக்காதீர்கள். அந்த எடை குழாயின் அதிர்வையே மாற்றிவிடும். ரேடார் வகையில் அந்தத் தொல்லை இல்லை. சூடான சேம்பருக்குள் தோட்டாவைப் போட்டுக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தால் பவுடர் சூடேறி வேகம் கூடும். வெப்பத்துக்கு எளிதில் மாறும் பவுடர்களில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஓர் அடி, அதற்கு மேல்கூட ஏறும். காத்திருப்பதானால் போல்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். தோட்டாப் பெட்டி வெயிலில் கிடக்கக் கூடாது. முழுக்கச் சுத்தம் செய்த குழாயின் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புதுக் குழாயானால் முதல் 100, 150 குண்டு வரை வேகம் மெல்ல ஏறிக்கொண்டே போகக்கூடும், அதற்கு முன் லோடை முடிவு செய்வது அவசரம்.

குரோனோகிராஃப் அட்டவணையைவிட வேகமாகக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கும். போல்ட் கனமாகத் தூக்குவதோ, பிரைமர் தட்டையாவதோ, கேஸின் அடியில் எஜெக்டரின் தடம் பதிவதோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கேயே நிறுத்திக் குறைத்துவிடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தாலும் நிறுத்த வேண்டும். குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடவே கூடாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதுகிறேன்: எந்தத் துப்பாக்கிக்கு, பவுடரின் பெயரும் லாட்டும், எடை, பிரைமர், குண்டு, அடியிலிருந்து வளைவுவரை அளவு, கேஸ் எத்தனை முறை சுட்டது, தேதி, அன்றைய வெப்பநிலை, 20 குண்டுக்குக் குறையாமல் சுட்ட சராசரி வேகமும் எஸ்டியும். இந்தச் சீட்டுகளைப் பின்னோக்கிப் பார்த்தால் சிதறல் கூடிய நாட்களுக்குக் காரணம் அங்கேயே இருக்கும். அனேகமாகப் பவுடரின் புது லாட், அல்லது குழாயின் தொண்டை (வரிகள் தொடங்கும் இடம்) அரிந்து வரிகள் முன்னே தள்ளிப் போனது. லாட் மாறினால் பழைய எடையை அப்படியே போடாமல், கொஞ்சம் குறைத்துத் தொடங்கி, பழைய வேகம் கிடைக்கும் இடம்வரை வரவேண்டும். தொண்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சில நூறு குண்டுகளுக்கு ஒரு முறை அளந்தால் போதும். நகர்ந்த தூரம் முழுவதையும் உடனே துரத்திக்கொண்டு போவதில்லை. குரூப் விரியும்வரை பழைய ஆழத்திலேயே விட்டுவிடுகிறேன்.